நீலப் புழுக்கை

எலி எவ்வளவு தூரம் நடமாடுகிறது என்று தெரிந்துகொள்ள அதன் பின்னாலேயே ஓட வேண்டியதில்லை. அதன் வயிற்றுக்குள் கொஞ்சம் சாயத்தை அனுப்பி வைத்தால் போதும். கோதுமை மாவு, எண்ணெய், சர்க்கரை, ஒரு சிட்டிகை சாயப்பொடி. எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி ஓரிடத்தில் வைத்துவிட்டு, இரண்டொரு நாள் கழித்து விளக்குமாறும் டார்ச் லைட்டுமாகக் கிளம்ப வேண்டும். சிவப்பு உருண்டை தின்ற எலி சிவப்பாகப் புழுக்கை போடும். பச்சை தின்றது பச்சையாக. தின்ற இடத்துக்கும் போட்ட இடத்துக்கும் நடுவில் இருப்பதுதான் அந்த எலியின் ஊர்.

எலி மருந்து வைக்கிறவள் என்பதால் எல்லோரும் அவளை மருந்தக்கா என்றார்கள். தானிய குடோன்கள் நான்கு, ஒன்றையொன்று ஒட்டி, தகரக் கூரையோடு நின்றன. உள்ளே கோதுமையும் சோளமும் ஆள் உயரத்துக்கு மேல் மூட்டை மூட்டையாக அட்டி போட்டிருக்கும். எதிரே லாரிகள் திரும்புகிற மண் தரை. அதைத் தாண்டி மூட்டை தூக்குகிறவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். எல்லாவற்றுக்கும் பின்னால் முள்ளுப் புதர். எலிகள் குடோன், லைன், புதர் மூன்றிலும் இருந்தன. எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு மருந்து வைத்தால் மருந்து வீணாகாது. அதற்குத்தான் சாயம்.

பல வருடங்கள் புழுக்கை பொறுக்கியதில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. எலிகள் பெருகிக் கிடக்கும்போது ஒவ்வொன்றும் நடக்கிற தூரம் சுருங்கிவிடும். அறுவடை முடிந்து குடோன் நிறைந்திருக்கும் மாதங்களில் சிவப்பு உருண்டை வைத்தால், சிவப்புப் புழுக்கை அதே அட்டியின் காலடியிலேயே கிடக்கும். அடுத்த அட்டிக்குப் போயிருக்காது. அங்கே இன்னொருத்தி இருப்பாள். அட்டிகளுக்கு நடுவில் ஒவ்வொரு சந்திலும் ஒரு பெட்டை இடம் பிடித்து வைத்திருக்கும். பக்கத்துச் சந்தில் அதன் மகள், அதற்கும் அடுத்ததில் மகளின் மகள். சொந்தம் என்றால் உரசிக்கொண்டு கிடக்கும். வெளியாள் வந்தால் காது கிழியும், பின்பக்கம் கடிபடும்.

மருந்து வைத்து முக்கால்வாசி செத்த பிறகு பார்த்தால் கதையே வேறு. மிச்சமிருக்கிற ஒரு எலி நாலு குடோனையும் சுற்றி வந்து, சொத்து எழுதி வாங்கியவன் மாதிரி, போகிற இடமெல்லாம் சிவப்பாகப் போட்டு வைத்திருக்கும். காலியான சந்துகளுக்கு வெளியிலிருந்தும் வந்துவிடும். புதரிலிருந்து வரும். லைனிலிருந்து வரும். தடுக்க ஆளில்லாத வீட்டுக்குள் நுழைய யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதையெல்லாம் அவள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொல்லுவாள். சோறு இறங்க மாட்டேன் என்கிறது, அப்புறம் சொல்லுங்கள் அண்ணி என்பாள் தம்பி பொண்டாட்டி. அப்புறம் யாரும் கேட்டதில்லை.

குடோனில் கேட்க ஆளிருந்தது. மூட்டை தூக்குகிறவர்களில் மூத்தவனுக்குப் பாரம் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகில் திமில் விழுந்திருந்தது. ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். அவள் குனிந்து சந்துக்குள் டார்ச் அடிக்கும்போதெல்லாம் வந்து நிற்பான்.

"என்னக்கா, உன் பிள்ளைகுட்டி எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான். உன்னை மாதிரியே வேலை செய்யாம தின்னுக்கிட்டு இருக்கு."

"எனக்கும் ஒரு உருண்டை உருட்டிக் குடேன். நான் எங்கெங்க போறேன்னு என் பொண்டாட்டி தெரிஞ்சுக்கணுமாம்."

"உனக்கு எதுக்குச் சாயம்? நீ போயிட்டு வந்த இடம் பத்தடி தூரத்துக்கு நாறுதே."

லைனின் கடைசி ரூம் அவளுடையது. அவள் பேரில் கொடுக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். புருஷன் வேறொருத்தியோடு ஓடிப்போன அதே வருடத்தில் அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது லைனில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தது. ஒரு ரூமில் சமைத்தாள். பக்கத்து ரூமில் படுத்தாள். அதற்கடுத்ததில் துணி காயப் போட்டாள். ஏன் என்று கேட்க நாதியில்லை. நடு ரூமில் கையையும் காலையும் நாலு பக்கமும் விரித்துப்போட்டு மல்லாந்து கிடந்தபோது, அந்த ஆள் போனது நல்லதுக்குத்தான் என்றுகூட நினைத்தாள்.

பிறகு வியாபாரம் பெருத்தது, ஆட்கள் வந்தார்கள். துணி ரூம் போயிற்று. படுக்கிற ரூமும் போயிற்று. தன் ரூமுக்குள் வந்து சேர்ந்தாள். அந்தச் சமயத்தில்தான் தம்பி, கல்யாணமான கையோடு பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். "ரெண்டு வாரம்தான்க்கா. வீடு பாத்துட்டுக் கிளம்பிடறோம்." மேஸ்திரியிடம் சொல்லி அவனுக்கு மூட்டை தூக்குகிற வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். சின்னஞ்சிறுசுகள் என்று அடுப்பு ஓரமாக ஒதுங்கிப் படுத்தாள். முதல் பிள்ளை பிறந்ததும் அடுப்புக்கு மேலே தொட்டில் கட்டினார்கள். அவள் கதவோரம் வந்தாள். இரண்டாவது பிறந்தது, மூன்றாவது பிறந்தது. கதவோரத்தில் பீரோ வந்து நின்றது. அவள் கதவுக்கு வெளியே, நடையில், கரண்ட் மீட்டருக்குக் கீழே வந்தாள். ஒரு பாய் அகலம். மழை பெய்தால் அரைப் பாய்.

வெளியே போ என்று யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும், "அண்ணி, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்றுதான் ஆரம்பித்தது. தன் ரூமுக்குள் தனக்கென்று அவளுக்கு மிச்சமிருந்தது ஒரு தகரப் பெட்டி. அது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

அந்த வருடம் கோதுமை வாங்கிப்போன ஒருவர் முழு லோடையும் திருப்பி அனுப்பிவிட்டார். மூட்டைக்கு மூட்டை புழுக்கை. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் சாம்பிள் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒரு தட்டில் கோதுமைக்கு நடுவே கிடந்ததைப் பேனா முனையால் தள்ளிக் காட்டினார்.

"இது எங்கேருந்து வருதும்மா? லைன்ல இருந்துதானே?"

"அங்கேருந்தும் வரும் சார். இங்கேருந்து அங்க போகவும் போகும்."

"போறத விடு. வர்றத மட்டும் உன் கலரை வச்சுக் காட்ட முடியுமா?"

மேனேஜர் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டார். அவருக்கு ஒளித்துப் பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. "முதலாளிக்கு லாரி நிறுத்த இடம் வேணும். லைனை எடுத்தாகணும். சும்மா எடுத்தா சங்கத்துக்காரன் வந்து வாசல் கேட்டுல உக்காந்துக்குவான். எலின்னு காட்டினா ஒண்ணும் பேச மாட்டான்."

"இப்ப வச்சா காட்டாது சார்."

"ஏன்?"

"குடோன் உள்ள நிறைஞ்சு கிடக்கு. வெளியாள விடாது."

"எப்ப வச்சா காட்டும்?"

அவளிடம் இப்படி நேராக யாரும் எதையும் கேட்டதில்லை. "உள்ள இருக்கறதக் காலி பண்ணிட்டு வச்சா காட்டும்" என்றாள்.

"அப்ப காலி பண்ணு." அவர் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு அவள் கேட்காததையும் சொன்னார். "லைன்ல கம்பெனி ஆளு ரெண்டே பேர்தான். நீயும் வாட்ச்மேனும். மத்தவனெல்லாம் மேஸ்திரி ஆளு. கடைசி ரெண்டு ரூமை விட்டுட்டு இடிக்கச் சொல்றேன். உன் ரூம் உனக்கு."

"எனக்கு மட்டுமா சார்?"

"வேற யாருக்கு? ஸ்டாஃப்புக்குத்தானே ரூமு."

செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மண் தரையைத் தாண்டி நடந்து வரும்போது தம்பியை நினைத்தாள். தோள் இருக்கிறவனுக்கு எங்கேயும் மூட்டை இருக்கும் என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை. உண்மையில் அன்றைக்கு அவள் அந்தப் பேச்சை விட்டுவிடுவதாகத்தான் இருந்தாள்.

தகரப் பெட்டி நடையில் இருந்தது. அவள் பாய் விரிக்கிற இடத்தில், பாயின் மேலேயே.

தம்பியின் மூத்த மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளையும் பெற்று, இன்னும் திரும்பிப் போகவில்லை. புருஷன் வீட்டில் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இவள் படுத்த இடம் புதுப் பெண்ணுக்குப் போய்விட்டது. கொஞ்ச நாள் அங்கேயே இரு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரூமுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டிக் குழந்தைத் துணி தொங்கியது. தம்பி பொண்டாட்டி வாசலில் உட்கார்ந்து இன்னும் நாலு துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"பெட்டிய எதுக்கு வெளிய வச்சே?"

"பாப்பாவைக் கிடத்த எடமில்ல அண்ணி. பெட்டி சும்மாதானே கிடக்கு."

"இங்க பெட்டிய வச்சா நான் எங்க படுக்கறது?"

தம்பி பொண்டாட்டி முகத்தைத் திருப்பவில்லை. துணியை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க ஒத்தக்கட்டை. எங்க போட்டாலும் தூங்குவீங்க. குடோன்லயே படுத்துக்கங்களேன். உங்களுக்குத் தெரியாத எலியா?"

உள்ளே பிள்ளைகள் சிரித்தன. தம்பியும் சிரித்துவிட்டான். "அக்காவப் பாத்தா எலியே எந்திரிச்சு எடம் விடும்" என்றான். அவன் கேலியாகத்தான் சொன்னான். அவனுக்கு அக்கா மேல் உயிர். முதல் சம்பளத்தில் அவளுக்குத்தான் புடவை எடுத்தான். அதனால்தான் அந்தச் சிரிப்பை அவளால் கீழே வைக்க முடியவில்லை.

"அத்தை, நீங்க உள்ள வந்து படுங்க. நான் சுவத்துல சாஞ்சுக்கறேன்" என்றாள் மகள், குழந்தையை மடியில் போட்டபடி. சாய்வதற்குச் சுவரும் மிச்சமில்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"இருக்கட்டும்டி" என்றாள் மருந்தக்கா.

மறுநாள் காலை ஒன்றாம் குடோனைத் திறந்து மருந்து வைத்தாள். அதற்கு அடுத்த நாள் மற்ற மூன்றும்.

அவள் வைக்கிற மருந்து உடனே கொல்லாது. உடனே கொன்றால் மற்றது சுதாரித்துக்கொள்ளும். தின்றுவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று திரும்பி வந்து தின்னும். பிள்ளை பெற்றவள் பசியோடு வருவாள், கூடுதலாகத் தின்பாள். உள்ளுக்குள் ரத்தம் கசிய ஆரம்பிக்கும். தள்ளாடும். பகலில் வெளிச்சத்துக்கு வந்து சும்மா உட்காரும். அந்த வாரம் முழுக்க அவள் இடுக்கியும் வாளியுமாகச் சந்து சந்தாகப் போனாள். எப்போதும் மேலோட்டமாகத்தான் வைப்பாள். முக்கால்வாசி போனால் போதும், முழுக்க அழிக்க யாராலும் முடியாது. இந்தத் தடவை அட்டிகளை நகர்த்தச் சொல்லி, பின்சுவர் வரைக்கும் போனாள்.

மூட்டைகளுக்கு அடியில் நார்க் கூடுகள் இருந்தன. தாய் செத்து விறைத்திருக்கும். ரோஸ் நிறத்தில் குஞ்சுகள் அதன் வயிற்றைச் சப்பிக்கொண்டிருக்கும். கூட்டோடு அள்ளி வாளித் தண்ணீரில் போட்டு மேலே ஈரச் சாக்கை வைத்து அமுக்கினாள். ஒட்டகம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கண்ணுகூடத் தொறக்கலக்கா. பாவம்."

"பாவம்னா எடுத்துட்டுப் போய் வளத்துக்க."

"வேணாம்க்கா. ஏற்கெனவே அஞ்சு இருக்கு." சிரித்துக்கொண்டே மூட்டைக்குக் குனிந்தான். லைனில் அவன் ரூம் மூன்றாவது.

நாற்றம் அடங்கியதும் அவள் தரையில் மாவு தூவிக் கால்தடம் பார்த்தாள். குடோனுக்குள் சாயம் வைக்கவில்லை. வைத்தால் அந்தக் கலர் லைனுக்கும் போய்ச் சேரும், போகிற எலியும் உண்டு என்று காட்டிக்கொடுத்துவிடும். மாவில் ஒரே ஒரு தடம், வலது பின்னங்காலை இழுத்து இழுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எந்த அட்டியிலும் நிற்காமல் ஓடியிருந்தது. அதைத் தடுக்க யாருமில்லை. அவள் விளக்குமாற்றால் மாவைக் கூட்டித் தள்ளினாள். அன்று மத்தியானம் நீல உருண்டைகளை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனாள்.

கடையில் வருகிற மருந்துக் கட்டியும் நீலம்தான். அதனால் லைனில் இருந்த பெண்கள் அதை விஷம் என்று நினைத்தார்கள். குடோனில் கூடை கூடையாக எலி செத்ததை அவர்கள் புருஷன்மார் சொல்லியிருந்தார்கள். ராத்திரியில் பிள்ளைகளின் கால் விரலைக் கொறித்துவிட்டுப் போகிற சனியன்கள் ஒழியப் போகின்றன என்று வாசலுக்கே வந்து கூப்பிட்டார்கள்.

"அக்கா, அவ வீட்ல ரெண்டு வச்சிருக்கே, எனக்கு மட்டும் ஒண்ணா?"

"எங்க பரண் மேலதான் குடும்பமே நடத்துது. அங்க ஒண்ணு போடுக்கா."

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். ஒட்டகத்தின் பொண்டாட்டி அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்து முடித்துவிட்டு அந்த வீட்டில் மூன்று வைத்தாள்.

கடைசி ரூமில் தம்பி பொண்டாட்டி தானே வாங்கிக்கொண்டாள். "பீரோ அடியில ஒண்ணு, அடுப்புக்குப் பின்னால ஒண்ணு. இன்னொண்ணு இருந்தாக் குடுங்க அண்ணி, பாப்பா படுக்கற மூலையில ஒரே சத்தம்."

"குழந்தை கிட்ட வேணாம்மா" என்றாள் மகள்.

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி மருந்தக்கா மூன்றாவதையும் கொடுத்தாள். சொன்னது உண்மைதான். மாவும் சர்க்கரையும் குழந்தையை என்ன செய்யும்.

அந்த வாரக் கடைசியில் குடோன் முழுக்க நீலம். அட்டிகளுக்கு நடுவே, மூட்டைகளின் மேலே, காலியான கூடுகளுக்குள்ளே. லைன் எலிகள் செத்தவர்களின் நாரிலேயே படுக்கை போட்டிருந்தன. மேனேஜர் சங்கத்துக்காரரைக் கூட்டி வந்தார். மருந்தக்கா டார்ச் அடித்துக் காட்டினாள். மேனேஜர் போனில் படம் எடுத்துக்கொண்டார். சங்கத்துக்காரர் விவரமான ஆள். ஒரு மூட்டையின் மேல் கிடந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"லைன்ல நீலம்தான் வச்சியாம்மா?"

"ஆமா சார்."

"இங்கேருந்து அங்க போகறது கிடையாதா?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "போயிருந்தா அங்க வேற கலர் கிடக்கணுமே. நீங்களே போய்ப் பாருங்க."

சங்கத்துக்காரர் போய்ப் பார்த்தார். லைனிலும் நீலம்தான் கிடந்தது. திரும்பி வந்து, ஜனங்களுக்கு வேறு இடம் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். அவளிடம் கேட்ட எதற்கும் அவள் பொய் சொல்லவில்லை. அதை அவள் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

லைனில் அன்று சாயங்காலம் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. இடிக்கிற மெஷின் எந்தக் கிழமை வருகிறது என்பது வரை சொல்லிவிட்டார்கள். ஒட்டகம் மண் தரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "என் வீட்டு எலி அவ்வளவு தூரம் போகும்னு எனக்கே தெரியாதுக்கா" என்றான். அப்போதும் வேடிக்கையாகத்தான் சொல்லப் பார்த்தான்.

தம்பி பொண்டாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தாள். மருந்தக்கா பாயை விரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணி, நீங்க முதல்ல குடோன்ல மருந்து வச்சீங்க. அப்புறம்தான் இங்க உருண்டை வச்சீங்க. இல்லையா?"

"ஆமா."

"அங்க நிறைஞ்சு கிடந்தா இங்கேருந்து ஒண்ணும் உள்ள போக முடியாது. அங்க காலியானாத்தான் போகும். நீங்கதான் சொல்லியிருக்கீங்க. சோறு திங்கறப்போ."

இத்தனை வருடமும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது மருந்தக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பாயின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"எங்களுக்கு விஷம் வச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல அண்ணி" என்றாள் தம்பி பொண்டாட்டி.

உள்ளேயிருந்து தம்பி எழுந்து வந்தான். "வாய மூடுடி. அவ இல்லேன்னா நீ எங்க குடும்பம் நடத்தியிருப்பே? மேனேஜர் வைன்னான், வச்சா. கூலிக்கு வேலை செய்யறவ, அவளுக்கு என்ன தெரியும்?" அக்காவின் பக்கம் திரும்பினான். "நீ மனசுல வச்சுக்காதேக்கா. இவ வயித்தெரிச்சல்ல பேசறா."

"நான் ஒண்ணும் நினைக்கல" என்றாள்.

தம்பிக்கு ஊர்க் கோடியில் மரக்கடையில் வேலை கிடைத்தது. மரக்கடைக்குப் பின்னால் நாலு சுவர் மட்டும் நிற்கிற ஒரு கொட்டகை. கூரை இனிமேல்தான் போட வேண்டும். கிளம்புகிற அன்று காலை மினி லாரியில் பீரோவை ஏற்றிவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தான். பின்னால் மகள் குழந்தையோடு நின்றாள். லைனின் மறுகோடியில் ஆரம்பித்த மெஷின் பாதிக்கு மேல் இடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. செங்கல் சரிகிற சத்தத்துக்கு மேல் அவன் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"அக்கா, இவளையும் பாப்பாவையும் ஒரு மாசம் உன்கூட வச்சுக்க. கூரை போட்டதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன். பச்சைக் குழந்தை, பனி தாங்காது."

மருந்தக்காவுக்குப் பின்னால் ரூம் திறந்து கிடந்தது. கொடியில்லை, பீரோ இல்லை, தொட்டில் இல்லை. பெருக்கிவிட்ட சிமெண்டுத் தரை ஜன்னல் வெளிச்சத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தெரிந்தது. மகள் அதைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள்.

"ஸ்டாஃப்புக்கு மட்டும்தான்டா ரூமு. மேனேஜர் ரூல்."

"ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். நீ கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

"கேட்டுட்டேன்" என்றாள். "முடியாதுன்னுட்டார்."

இவர்களுக்காக அவள் கேட்கவே இல்லை. தம்பி தலையை ஆட்டினான். உடனே நம்பிவிட்டான். "சரிக்கா. உன் வேலைக்கு எதுக்கு வம்பு." மகளின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தான். தம்பி பொண்டாட்டி இந்தப் பக்கமே வரவில்லை. அவள் அப்போதே வண்டியில் ஏறி, மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் மகளுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

மருந்தக்கா உள்ளே போய்ப் பாயை ரூமின் நடுவில் விரித்தாள். பட்டப்பகல். வேலைக்குப் போக வேண்டும். ஆனாலும் படுத்தாள். கையை விரித்தாள். எதுவும் இடிக்கவில்லை. மெஷின் இடிப்பது தரை வழியாக முதுகுக்கு வந்தது. ஒரு பெரிய சத்தம், அதற்குப் பிறகு தகரம் விழுகிற சத்தம், யாரோ மெஷின் டிரைவரைத் திட்டுகிற சத்தம். எழுந்து பார்க்கவில்லை.

வாசல் இருண்டது. வாட்ச்மேன் தலையில் சுண்ணாம்புத் தூசியோடு நின்றான். தோளில் படுக்கைச் சுருட்டு.

"சாயற சுவர ஒழுங்காத் தள்ளத் தெரியல அந்தப் பயலுக்கு. என் கூரையும் சேந்து விழுந்துருச்சு. மேனேஜர் உன்கூட இருந்துக்கச் சொன்னாரு. ரெண்டு பேரும் ஸ்டாஃப்தானே."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவனுக்குப் பின்னால் பொண்டாட்டி சமையல் பாத்திரங்களோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

"இது யாரு?"

"மச்சினி. புருஷன் சரியில்ல, எங்ககூடத்தான் இருக்கா."

"ஸ்டாஃப்புக்கு மட்டும்தானே ரூமு?"

வாட்ச்மேன் சிரித்தான். "அதெல்லாம் யாரு பாக்கறா? நான் போய்க் கேட்டேன். தாராளமாக் கூட்டிட்டுப் போ, அங்க ஒருத்திதானே இருக்கான்னாரு."

மச்சினி இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கி, பாயின் ஓரத்தில், நிழல் பார்த்துக் கிடத்தினாள். மருந்தக்கா வெளியே வந்தாள்.

மினி லாரி இன்னும் போகவில்லை. தம்பி சக்கரத்தின் மேல் ஏறி நின்று சாமான்களுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வாட்ச்மேனின் பொண்டாட்டி இன்னொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவதையும், வாட்ச்மேன் வாசலில் ஆணி அடிப்பதையும், அக்கா நடையில் நிற்பதையும் பார்த்தான். மகளும் பார்த்தாள். தன் குழந்தையின் தலைமேல் முந்தானையை இழுத்துவிட்டாள்.

"டேய்" என்றாள் மருந்தக்கா. நான் கூப்பிடல, இவங்கள நான் கூப்பிடல என்று கத்த வேண்டும் போலிருந்தது. செங்கல் சரிந்துகொண்டிருந்தது. கத்தினாலும் கேட்டிருக்காது.

தம்பி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். இன்னொரு முடிச்சும் போட்டான். கீழே குதித்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமல் முன்னால் போய் ஏறினான்.

"போலாம்ப்பா" என்றான் டிரைவரிடம்.